செல்லக்கண்ணுவின் சாய்மானம்

மூட்டைக்கு ஒரு தடுப்பு வேண்டும் என்று சொல்லித்தான் செல்லக்கண்ணு என் கடைக்கு வந்தார். முதுகு என்ற பேச்சே அன்றைக்கு அவர் வாயில் வரவில்லை. வந்திருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும் வேலை. வராததால் ஐப்பசி மழையில் இரண்டு வாரம் இழுத்தது.

குன்னூர் மார்க்கெட்டுக்குக் கீழே பைக் சீட்டு தைக்கிற கடை என்னுடையது. பெயர் பொன்னுத்துரை. ரெக்சின், ஸ்பாஞ்சு, ஒரு பழைய தையல் மெஷின், நான். வேறு யாரும் கிடையாது. ஆன்லைனில் சீட் கவர் வாங்கி, அது சேராமல் போய், "அண்ணா, கொஞ்சம் இழுத்து மாட்டிக் குடுங்க" என்று வந்து நிற்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. மாட்டித்தான் கொடுக்கிறேன், ஆனால் திட்டிவிட்டுத்தான் மாட்டுவேன். செல்லக்கண்ணு அந்த ரகம் இல்லை. கிழிந்த சீட்டையே திரும்பத் திரும்பத் தைத்துக்கொள்கிற ஆள்.

அவருக்கு நைட்டி வியாபாரம். அவருடைய அப்பா அன்னூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்து, தலைச்சுமையாகச் சேலை விற்றவர். மகன் காலத்தில் சேலை போய் நைட்டி வந்தது, தலைச்சுமை போய் பைக் வந்தது. நைட்டி, உள்பாவாடை, துண்டு, ஸ்வெட்டர், குளிர் தொடங்கினால் கம்பளி. எல்லாவற்றையும் ஒரு பெரிய பெட்ஷீட்டில் மூட்டையாகக் கட்டிப் பின் சீட்டில் ஏற்றி, பழைய டியூப்பைக் கிழித்த பட்டையால் இறுக்கிக்கொண்டு காலையில் கிளம்பிவிடுவார். ஒரு நாள் கொலக்கம்பைப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள், ஒரு நாள் கேத்தி, ஒரு நாள் இத்தலார்.

லைனில் அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே கதவு திறக்கும். பெண்கள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து மூட்டையைச் சுற்றி உட்காருவார்கள். சைஸ் சொல்ல வேண்டியதில்லை, ஆளைப் பார்த்தே எடுத்துப் போடுவார். போன தடவை வாங்கியது வெளுத்துவிட்டது என்று ஒருத்தி சண்டைக்கு வந்தால், "வெளுத்தது நைட்டிதானுங், நீங்க அப்படியேதான் இருக்கறீங்க" என்று சொல்லி வேறொன்றை மாற்றிக் கொடுத்துவிடுவார். அந்தக் குசும்புக்காகவே அவரிடம் வாங்குகிறவர்கள் உண்டு.

மனைவி சுகந்தி வீட்டில் உட்கார்ந்து ஓரம் அடித்துக் கொடுப்பார், போனில் வருகிற ஆர்டரைக் கேட்டு வைப்பார். மகன் பாலமுருகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அந்தக் கம்பெனி கேட்டில் காவலுக்கு உட்காருகிற வேலையை அப்பாவுக்காகச் சொல்லி வைத்திருந்தான். அலைச்சல் இல்லை, சேரில் உட்கார்ந்திருந்தால் போதும், மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்பது அவன் கணக்கு. தப்பான கணக்கு என்று சொல்ல முடியாது.

இதற்கு முந்தின மழையில் காட்டேரிப் பக்கம் வளைவில் வண்டி வழுக்கி, செல்லக்கண்ணு மூட்டையோடு விழுந்தார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சுகந்தி பயந்துபோய், "இனி ஒரு தடவ ஒடம்புக்கு ஏதாச்சும்னா, மறு பேச்சுப் பேசாம திருப்பூரு போயிரோணும்" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். செல்லக்கண்ணுவும் செய்து கொடுத்தார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் கடையில் டீ வாங்கிக் கொடுத்தால் போதும், அவர் எல்லாக் கதையையும் சொல்லிவிடுவார். முதுகு வலியைத் தவிர.

அன்றைக்கு வந்தவர் வண்டியை நிறுத்திவிட்டு, தன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் கையை நட்டுக்குத்தலாக வைத்துக் காட்டினார்.

"எறக்கத்துல மூட்டை முன்னால தள்ளுதுங் துரை. இந்த எடத்துல ஒரு தடுப்பு வேணும்."

"அதுக்கு ஜினோகிட்டப் போங்க. ரெண்டு பட்டையை வளைச்சு வெல்டிங் பண்ணிக் குடுத்துருவான். எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

ஜினோ என் பக்கத்துக் கடை வெல்டிங்காரன்.

"இல்லீங், முன்பக்கம் கொஞ்சம் ஸ்பாஞ்சு வெச்சு ரெக்சின் போட்டுக் குடுங்க."

"மூட்டை பின்னால இருக்குது. ஸ்பாஞ்சு எதுக்கு முன்னால?"

"சும்மா, பாக்கறதுக்கு நல்லாருக்கும்."

பார்க்க நல்லாயிருப்பதைப் பற்றிக் கவலைப்பட்ட ஆள் இல்லை அவர். இண்டிகேட்டர் ஒன்று உடைந்து வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வேலை நெருக்கடி, மேற்கொண்டு கேட்கவில்லை. மூட்டையைத் தடுக்க வேண்டுமென்றால் உயரமாகத்தானே இருக்க வேண்டும். ஜினோவிடம் கம்பியை உயரமாக வளைக்கச் சொல்லி, மேல் பாதியில் ஸ்பாஞ்சு வைத்துத் தைத்து மாட்டினேன். அவர் ஏறி உட்கார்ந்தபோது அது தோள்பட்டைக்கு நேராக நின்றது. மனிதர் ஒரு நொடி முகத்தைச் சுளித்தார். பிறகு, "அருமையா இருக்குதுங்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே திரும்பி வந்தார். வண்டியை ஸ்டாண்டு போடவே சித்த நேரம் ஆயிற்று.

"தடுப்பு நல்லாத்தானுங் இருக்குது. மூட்டைக்குக் கொஞ்சம் கீழ எறக்கி வெச்சா சௌகரியமா இருக்கும்."

"மூட்டை வந்து உங்ககிட்டச் சொல்லுச்சா?"

சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். உட்காருவதற்கு முன்னால் கையைச் சுவரில் ஊன்றினார்.

"இங்க பாருங்க, சட்டைக்கு அளவு எடுக்க வந்துட்டு சட்டை எங்க தம்பிக்குன்னு சொன்னா எவன் தைப்பான்? முதுகுக்குத்தானே கேக்கறீங்க?"

"அட, சத்தம் போடாதீங்க துரை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மழைக்கு முன்னாலிருந்தே இடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டிருக்கிறது. விழுந்ததனாலா, வயசா, தெரியாது. வண்டியில் ஏறினால் மேட்டில் ஒரு குத்து, பள்ளத்தில் ஒரு குத்து. மூட்டையை முதுகோடு ஒட்டிக் கட்டிச் சாய்ந்துகொண்டு ஓட்டினால் வலி அடங்குகிறது என்று தானாகக் கண்டுபிடித்திருக்கிறார். காலையில் மூட்டை நிறைய இருக்கும்போது சுகமாகப் போவாராம். சரக்கு விற்க விற்க மூட்டை இளைத்துவிடும், சாய முடியாது. நல்ல வியாபாரம் ஆன நாளில் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வருமாம். வியாபாரம் படுத்த நாளில்தான் நிம்மதியாகத் திரும்புவாராம். இப்படி ஒரு வியாபாரியை நான் கண்டதில்லை.

அதற்கும் ஒரு வழி செய்தார். கனமான கம்பளிகளை மடித்து மூட்டையின் முன்பக்கத்தில், முதுகுக்கு நேராக வைத்துக் கட்டினார். மற்றது எது விற்றாலும் கம்பளியை மட்டும் விற்பதில்லை. இத்தலாரில் குளிர் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டாம். கம்பளிக்குத்தான் ஆள் வருகிறது. கேரட் தோட்டத்து வேலைக்குப் போகிற தெய்வம்மா என்கிற அம்மா, பழைய வாடிக்கை, அந்த மெரூன் கம்பளியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இதுதான் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சொல்றதுன்னு தெரியலீங். அது ஒருத்தருக்குச் சொல்லி வெச்சதுன்னு சொல்லிப்போட்டேன். அடுத்த வாரமும் கேட்டாங்க. அப்பவும் அதேதான் சொன்னேன். அந்தக் கம்பளியையே பாத்துக்கிட்டு இருந்தாங்க துரை. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு."

"ஊட்டுல அம்மிணிகிட்டச் சொல்லித் தொலையுங்களேன்."

"சொன்னா அன்னைக்கே திருப்பூருக்குச் சாமான் கட்டோணும். கையடிச்சுக் குடுத்திருக்கேன்ல."

அவரவர் குடும்பம். மறுநாள் வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். சாய்மானத்தைக் கீழே இறக்கி, எந்த இடம் வலிக்கிறதோ அந்த இடத்தில் வைப்பதாகப் பேச்சு.

மறுநாள் வந்தார். எந்த இடம் என்று கேட்டால், "இப்படிப் பொதுவா வெச்சிருங்க" என்கிறார். சாய்மானத்தில் பொதுவாக என்று ஒன்று கிடையாது. நாலு விரல் மேலே போனால் ஆளை முன்னால் தள்ளும், கீழே போனால் சும்மா நிற்கும். எனக்குக் கோபம் வந்து, "சட்டையைக் கழட்டுங்க, நானே பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது சுகந்தி வந்து கடை வாசலில் நின்றார். கையில் குடை. வண்டியை வெளியே பார்த்துவிட்டுத்தான் நேராக வந்திருக்கிறார். என்னைப் பார்த்து, "இருக்கறீங்களாண்ணா" என்று ஒரு வார்த்தை. பிறகு ஸ்டூலில் இருந்த கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, இத்தலார் தெய்வம்மா போன் பண்ணுனாங்க."

"என்னவாம்?"

"கம்பளி கேட்டா குடுக்க மாட்டேங்கறீங்களாம். ஒருத்தருக்குச் சொல்லி வெச்சதுன்னு சொல்றீங்களாம். போன வாரமும் அதே கம்பளி, இந்த வாரமும் அதே கம்பளியாம். யாருங்க அவ, இன்னும் வந்து வாங்கிக்காதவ?"

மழை தூறிக்கொண்டிருந்தது. சுகந்தி குடையை மடக்கவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

"விக்கற சரக்கு விக்காம ஊட்டுக்கு வருது. காலைல நான் முழிக்கறதுக்கு முன்னாலயே எந்திரிச்சு வெளிய போயிக்கறீங்க. கேட்டா தூக்கம் வரலைங்கறீங்க. தெய்வம்மா சிரிச்சுக்கிட்டேதான் கேக்கறாங்க, உங்கூட்டுக்காரரு யாருக்கோ கம்பளி சொமந்துக்கிட்டுத் திரியறாரு, யாருன்னு கேட்டு வெய்யின்னு. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

செல்லக்கண்ணு முன்னால் இரண்டு வழிதான் இருந்தது. முதுகு போய்விட்டது என்று ஒத்துக்கொண்டால் மலையை விட்டு இறங்க வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்தப் பேரைச் சுமக்க வேண்டும். மனிதர் கொஞ்சம் யோசித்தார்.

"அது ஒருத்தருக்குச் சொல்லி வெச்சதுதான்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கத்தரியை மேஜையில் போட்டேன். முதுகு வலிக்காரன் என்று பெயர் வாங்குவதைவிடப் பொம்பளைப் பொறுக்கி என்று பெயர் வாங்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை என்பதால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். சுகந்தியின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"சரி" என்றார் சுகந்தி. "எந்திரிங்க. ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்."

"நீ போ. நான் வர்றேன்."

"எந்திரிங்கன்னு சொல்றேன்."

அவர் எழுந்தார். முதலில் முழங்கால் இரண்டையும் ஒரு பக்கமாகத் திருப்பினார். ஒரு கையைச் சுவரிலும் ஒரு கையை ஸ்டூலிலும் ஊன்றினார். பாதி எழுந்து, அப்படியே குனிந்த நிலையில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தார். தினமும் இப்படித்தான் எழுந்திருக்கிறார். அதைச் சுகந்தி பார்த்துவிடக் கூடாது என்றுதான் விடிவதற்கு முன்னால் எழுந்துகொண்டிருந்திருக்கிறார்.

சுகந்தி குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"எப்ப இருந்து?"

"என்னது?"

"முதுகு."

"மழைக்கு முன்னால இருந்து."

இனி பேசலாம் என்று நான் வாயைத் திறந்தேன். கம்பளி யாருக்கும் இல்லை அம்மிணி, சாய்ந்துகொள்ள முதுகுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார், அதனால்தான் விற்கவில்லை என்றேன். சுகந்தி என்னைப் பார்க்கவே இல்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பொம்பளைன்னா அவ ஊட்டுக்கே போயி ரெண்டு கேள்வி கேட்டுட்டு வந்திருப்பேன். இது என்னங்க? வலிக்குதுன்னு துரையண்ணன்கிட்டச் சொல்றீங்க. எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன பயம்? நான் என்ன போலீஸா?"

"சொன்னா திருப்பூரு போகோணும்ல."

"போனாத்தான் என்ன? பையன் இருக்கறான், உக்காந்து பாக்கற வேலை."

"அங்க நான் கேட்டுல உக்காந்திருக்கற ஆளு சுகந்தி. போறவன் வர்றவனுக்கெல்லாம் எந்திரிச்சுக் கதவு தொறந்துடோணும். இங்க நான் போனா எனக்குக் கதவு தொறக்கறாங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டார். சுகந்திக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு என்னவோ போலாகிவிட்டது. சும்மா நிற்கப் பிடிக்காமல் ஸ்பாஞ்சை எடுத்து வெட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

சுகந்திதான் என்னைக் கேட்டார். "அண்ணா, இதை வெச்சா அவரு ஓட்டலாமுங்களா?"

"நான் டாக்டர் இல்ல அம்மிணி. முதல்ல டாக்டரப் பாருங்க. ஓட்டலாம்னு சொன்னா, சாய்மானம் எடம் பாத்து வெச்சாத் தாங்கும். எடத்தைத்தான் இந்த மனுசன் சொல்லவே மாட்டேங்கறாரு."

சுகந்தி மேஜையிலிருந்த சாக்பீஸை எடுத்தார். கணவரை வண்டியில் ஏறி, ஹேண்டில்பாரைப் பிடித்து, ஓட்டும்போது உட்காருகிற மாதிரி உட்காரச் சொன்னார். பின்னால் நின்று சட்டைக்கு மேலேயே கட்டைவிரலால் ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே வந்தார்.

"இங்கயா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல. விடு, ரோட்டுல எல்லாரும் பாக்கறாங்க."

"பாத்தாப் பாக்கட்டும்."

இன்னும் கொஞ்சம் கீழே விரல் போனதும் அவர் அம்மா என்று முனகி ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தார். சுகந்தி அந்த இடத்தில் சட்டையில் பெருக்கல் குறி போட்டார். "இங்கதானுங்கண்ணா, குறிச்சுக்குங்க" என்றார். நான் டேப்பை வைத்துச் சீட்டிலிருந்து அளந்துகொண்டேன். அளந்து முடித்த பிறகும் சுகந்தி அங்கிருந்து கையை எடுக்கவில்லை. உள்ளங்கையை அப்படியே வைத்து, அவர் சாய்ந்துகொள்ளும்படி தாங்கிக்கொண்டு நின்றார். அவரும் சாய்ந்துகொண்டார்.

மறுநாளே டாக்டரிடம் போனார்கள். எக்ஸ்ரே எடுத்து, எலும்பு தேய்ந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பழையபடி முழுசாகச் சரியாகும் என்று சொல்ல முடியாதாம். வண்டியே தொடக் கூடாது என்று சொல்லவில்லை. பாரத்தைக் குறைக்க வேண்டும், நடுநடுவே இறங்கி நடக்க வேண்டும், தினமும் சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்ய வேண்டும், வலி காலுக்கு இறங்கினால் உடனே வர வேண்டும். செல்லக்கண்ணுவிடம் கேட்டால் ஓட்டலாம் என்று சொன்னதை மட்டும் சொல்வார். மற்றதெல்லாம் சுகந்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த வாரக் கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள். ஜினோ பழைய கம்பியை அறுத்துவிட்டு, சீட்டுக்கு அடியில் ஃபிரேமோடு சேர்த்துப் புதுக் கம்பி வைத்துக் கொடுத்தான். நான் கெட்டி ஸ்பாஞ்சுக்கு மேலே மெத்து ஸ்பாஞ்சு வைத்து, குறித்த இடம் நடுவில் வருகிற மாதிரி தைத்திருந்தேன். மூட்டையைப் பாதியாகக் குறைத்து அதற்குப் பின்னால் கட்டினார்கள். திருப்பூர் விஷயம் முடிவாகிற வரைக்கும், ஒரு நாள் கொலக்கம்பை, மறுநாள் ஓய்வு, அதற்கடுத்த நாள் கேத்தி என்று பிரித்து எழுதி வைத்திருப்பதாகச் சுகந்தி சொன்னார்.

செல்லக்கண்ணு ஏறி உட்கார்ந்தார். மார்க்கெட் மேட்டில் ஒரு சுற்று போய்விட்டு வரச் சொன்னேன். போனார், வந்தார். வண்டியை விட்டு இறங்காமல் அப்படியே சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எப்படிங்க?" என்றேன்.

"வலி போகலீங் துரை. ஆனா வந்தா இருந்துக்கலாம் போல இருக்குது."

இதைவிட நல்ல பேர் என் வேலைக்கு யாரும் கொடுத்ததில்லை. ஆனாலும், முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு கம்பி மிச்சம் என்று ஒரு திட்டுத் திட்டினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

அப்போது சுகந்தியின் போன் அடித்தது. திருப்பூரிலிருந்து பாலமுருகன். கேட் வேலைக்கு இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். செல்லக்கண்ணு சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சத்தியம் செய்து கொடுத்த கை, மறு பேச்சுப் பேச முடியாது. சுகந்தி என்ன சொல்லப் போகிறார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சுகந்தி போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பேசினார்.

"அந்த வேலைக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லீரு சாமி. ஆமா, டாக்டரப் பாத்தாச்சு. இல்ல சாமி, சரியாகலை, வலி இருக்குது. வலிச்சாலும் இங்கயே வலிக்கட்டும்ங்கறாரு உங்கப்பா. நானும் சரின்னுட்டேன்."